உங்க தட்டுல என்ன வெஞ்சனம்

எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் முதல் கேள்வி சாப்பிட்டாச்சா என்பது. அடுத்தது, என்ன குழம்பு என்பது. இரண்டுக்கும் யாரும் பதிலை எதிர்பார்ப்பதில்லை. கேட்டவர் பாதித் தெருவைத் தாண்டியிருப்பார், நாம் காற்றைப் பார்த்து ஆச்சு ஆச்சு என்று சொல்லிக்கொண்டிருப்போம். திண்டுக்கல்லில் எனக்குப் பக்கத்து வீட்டில் இருந்த அக்கா அந்த ரகம் இல்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன என்று. "டீச்சர், என்ன வெஞ்சனம்?" கேட்டுவிட்டு அங்கேயே நிற்பார். பதில் வரும்வரை நகர மாட்டார். பதில் நம்பும்படி இல்லையென்றால் நடுத்தெருவில் என் தூக்குச்சட்டியை வாங்கி மூடியைத் திறந்து பார்த்துவிடுவார்.

ஐம்பதுகளின் கடைசியில் மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு தெருவில் வாடகைக்கு இருந்தேன். எனக்குச் சொந்த ஊர் நத்தம் பக்கம். டீச்சர் டிரெயினிங் முடித்ததும் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்துவிட்டது. கல்யாணம் ஆகவில்லை, சொந்தச் சம்பளம், கையில் கடிகாரம் வேறு. தலைக்கனம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. அப்படிப்பட்ட என்னை ஒருத்தர் தெருவில் நிறுத்திச் சோற்றுச் சட்டியைச் சோதனை போட்டால் எப்படி இருக்கும்? முதல் மாதம் அவரைக் கண்டாலே எனக்கு எரிச்சல். ஒருநாள் கத்தரிக்காய் என்று புளுகினேன். திறந்து பார்த்தார். ரசஞ்சோறும் ஓரத்தில் ஒரு துண்டு நாரத்தங்காய் ஊறுகாயும் இருந்தன.

"இது வெஞ்சனம் இல்ல டீச்சர். இது சும்மா தொணைக்கு வந்தது" என்றார். வீட்டுக்குள் போய் ஒரு கிண்ணம் அவரைக்காய்ப் பொரியலைக் கொண்டுவந்து சோற்றின் மேல் கொட்டி மூடிக் கொடுத்தார். பள்ளிக்கூட மணி அடித்துக்கொண்டிருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் வீடு பிரியாணிக் கடைக்காரர் வீடு. அவருடைய கணவரை நாங்கள் பாய் என்போம். கடைவீதியில் சின்னக் கடைதான், ஆனால் மத்தியானம் ஆனால் ரயிலடியிலிருந்து ஆட்கள் வழி கேட்டுக்கொண்டு வருவார்கள். மசாலா அரைப்பது வீட்டில். பட்டையும் கிராம்பும் மணக்கிற அந்த வீட்டின் பின்கட்டில் அக்கா மடியில் முருங்கைக்கீரையைப் போட்டு உருவிக்கொண்டிருப்பார். அவர் சாப்பிடுவதைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் சிரிப்பு வரும். தட்டில் மலையாகக் கீரை, பக்கத்தில் ஒரு காய், ஒரு கரண்டி பயறு. ஓரத்தில், நாம் தொட்டுக்கொள்ள எடுத்து வைப்போமே அந்த அளவுக்குச் சோறு. "எல்லாரும் சோத்துக்கு வெஞ்சனம் வப்பாங்க. நான் வெஞ்சனத்துக்குச் சோறு வப்பேன்" என்பார்.

பாய்க்கு இதில் ரோஷம் உண்டு. ஊரே தேடி வந்து தின்கிற பிரியாணியைக் கட்டினவள் தின்ன மாட்டேன் என்றால்? தின்ன மாட்டேன் என்று அக்கா சொல்லவும் இல்லை. வெள்ளிக்கிழமை ஒரு கைப்பிடி சாப்பிடுவார், ஒரு தட்டு வெங்காயமும் வெள்ளரிக்காயும் துணைக்கு வைத்துக்கொண்டு. ருசியெல்லாம் முதல் நாலு வாயோடு முடிந்துபோகிறது, அதற்குமேல் தின்பது பேருக்குத்தான் என்பது அவர் கட்சி. பாய் என்னைப் பார்க்கும்போதெல்லாம் புகார் செய்வார், கடைக்கு வருகிற ஆட்டுக்கு வீட்டிலேயே போட்டிக்கு ஆள் இருக்கிறது என்று. அக்கா காதில் விழும்படிதான் சொல்வார்.

அவர்கள் வீட்டு விசேஷங்களில் சகன் சாப்பாடு. ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பெண்கள் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது. அக்கா உட்காருகிற சகனுக்குத்தான் அடிதடி. காரணம் பாசம் இல்லை. அவர் தன் பக்கத்துக் கறியையெல்லாம் மற்றவர்கள் பக்கம் தள்ளிவிட்டு வெங்காயப் பச்சடியைக் காலி செய்வார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை நானும் அந்தத் தட்டில் இடம்பிடித்தேன். அன்றைக்கு நான் தின்ற கறி ஒரு வாரத்துக்குத் தாங்கும்.

என்னை அவர் கையும் களவுமாகப் பிடித்தது கம்பு விஷயத்தில். எங்கள் வீட்டில் கம்பும் சோளமும்தான். அரிசிச்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும். அதனாலேயே வேலை கிடைத்ததும் மில்லில் தீட்டின வெள்ளை அரிசி தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று வைத்திருந்தேன். டீச்சர் கம்பஞ்சோறு தின்கிறாள் என்று நாலு பேர் சொன்னால் என்ன ஆவது? அம்மா ஊரிலிருந்து ஒரு மூட்டை கம்பு கொடுத்தனுப்பியபோது அதைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்தேன். அக்கா எதற்கோ வந்தவர் அதைப் பார்த்துவிட்டார். கையை விட்டு அள்ளி, முகர்ந்து, தங்கத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இதப் போயி ஒளிச்சு வச்சிருக்கீகளே" என்றார். பாதி மூட்டையை அவரே தூக்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அம்மா கம்பு அனுப்பினால் அக்கா பெயருக்குத்தான் வரும். நானும் வெட்கத்தை விட்டுவிட்டு அவர் வீட்டிலேயே கம்பங்கூழ் குடித்தேன்.

எதிர் வீட்டில் புளிமண்டிக்காரர் குடும்பம். அந்த வீட்டம்மாவுக்கும் அக்காவுக்கும் ஏழாம் பொருத்தம். அது ஆரம்பித்ததும் இந்த வெஞ்சனத்தில்தான். ஒருநாள் அக்கா வழக்கம்போலக் கேட்க, அந்தம்மா பெருமையாக அடுக்கினார்: முருங்கைக்காய் சாம்பார், புடலங்காய்க் கூட்டு, உருளைக்கிழங்கு வறுவல். அக்கா விடவில்லை.

"வச்சது என்னன்னு கேக்கல தாயி. உங்க தட்டுல விழுந்தது என்ன?"

அந்தம்மா விருட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர்கள் வீட்டில் ஆண்கள் பதினோரு பேர். பந்தி முடிந்து பெண்கள் உட்காரும்போது அடிச்சட்டிக் குழம்பும் சோறும்தான் மிஞ்சும். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அதே கதைதான், எங்கள் ஊரிலும் அதேதான். நான் அதுவரை அதை ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை. அக்கா வீட்டில் மட்டும் அடுப்பிலிருந்து இறக்கியதும் ஒரு சட்டியில் காயும் கீரையும் தனியாக எடுத்து மூடி வைத்துவிடுவார். அதற்குப் பொம்பளப் பங்கு என்று பெயர். அவருக்கும், இரண்டு மகள்களுக்கும், மசாலா அரைக்க வருகிற அம்மாளுக்கும். பாயே கேட்டாலும் அதில் கைவைக்க முடியாது. புளிமண்டி வீட்டம்மா அன்றைக்குப் பட்ட அவமானத்தை மறக்கவில்லை. அக்காவுக்கு ஆட்டுக்குட்டி என்று பெயர் வைத்துத் தெரு முழுக்கப் பரப்பினார்.

அக்காவுக்கு ஏன் இந்தப் பித்து என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை கீரை உருவிக்கொண்டே அவராகத்தான் சொன்னார்.

அவருக்கு உடன்பிறந்த சகோதரி ஒருவர் இருந்தாராம், மூத்தவர். கல்யாணமாகிப் பழனிப் பக்கம் போனவர். மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. அந்த வார்த்தையை எப்படி வெளியே சொல்வது? பெண்கள் எல்லோரும் சொல்கிறமாதிரி, நெஞ்சில் கட்டியிருக்கிறது என்று சொல்லி வீட்டுக்காரரை அனுப்பியிருக்கிறார். அவர் போய்க் கம்பவுண்டரிடம் அதையே சொன்னார். நெஞ்சில் கட்டியிருக்கிறது என்றால் கேட்பவருக்கு என்ன தோன்றும்? சளிதான். இருமல் மருந்து கொடுத்தார். தூதுவளை லேகியம் வேறு. ஆறு மாதம் இருமலே இல்லாத மனுஷி இருமல் மருந்து குடித்தார். அப்புறம் மதுரைக்குக் கொண்டுபோனபோது அங்கிருந்த லேடி டாக்டர் பார்த்துவிட்டு, கூடப் போயிருந்த அக்காவைத் தனியே கூப்பிட்டுக் காலம் கடந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்.

"எனக்கும் வருமான்னு அந்த டாக்டரம்மாகிட்ட கேட்டேன்" என்றார் அக்கா. வரலாம், வராமலும் போகலாம் என்றாராம் டாக்டர். எதனால் வருகிறது என்று முழுசாக யாருக்கும் தெரியாது. ஆனாலும் காய், கீரை, பயறு, தவிடு போகாத தானியம் நிறையச் சாப்பிடு, எண்ணெயையும் இனிப்பையும் குறை, உடம்பைப் பெருக்க விடாதே, நட, அது கொஞ்சம் உதவும் என்று நினைக்கிறேன் என்றாராம். "அந்தக் கொஞ்சம் மட்டும்தான் ஒன் கையில இருக்கு, அத விட்றாதன்னாங்க. நான் விடல." இன்றைக்கு டாக்டர்கள் பேசுவதைக் கேட்கிறேன். அவர்களும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறார்கள், உதவலாம் என்ற சொல்லை விட்டுவிடாமல்.

கீரையோடு இன்னொன்றும் அவர் செய்துவந்தார். மாதம் ஒருமுறை குளிக்கும்போது தன் மார்பைத் தானே தடவிப் பார்ப்பது. இதைச் சொன்னபோது நான் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. அவர் சிரித்தார்.

"திண்டுக்கல்லுல இருந்துக்கிட்டு இது தெரியாதா டீச்சர்? பூட்டத் தொங்கப் போட்டதோட போறோமா? ஒரு தடவ இழுத்துப் பாக்குறோம்ல?"

சில வருடங்கள் போயின. அரிசி கிடைக்காமல் ஊரே திண்டாடிய வருடமும் வந்தது. கம்பும் கேழ்வரகும் தின்னவேண்டியிருக்கிறதே என்று தெருவெல்லாம் புலம்பியபோது அக்கா வீட்டில் மட்டும் ஒரு புலம்பலும் இல்லை. அதற்கு அடுத்த வருடம் ஒரு காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அக்கா வாசலில் நின்றார். வெஞ்சனம் என்ன என்று கேட்கவில்லை.

"டீச்சர், இன்னைக்கு லீவு போட முடியுமா? மாருல ஒரு கட்டி. புளியங்கொட்டை அம்புட்டு இருக்கு. மருதைக்குப் போகணும்."

அதைச் சொன்ன குரலில் நடுக்கம் இல்லை. லீவு லெட்டரில், தெரிந்தவருக்கு நெஞ்சில் கோளாறு, துணைக்குச் செல்கிறேன் என்று எழுதி ஒரு மாணவியிடம் கொடுத்தனுப்பினேன். பாய் கடையை அன்று மூடிவிட்டு வருகிறேன் என்றார். அக்கா வேண்டாம் என்றுவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

மதுரையில் அந்த ஆஸ்பத்திரி சந்தைபோல இருந்தது. சீட்டு எழுதுகிற ஜன்னல் முன்னால் நீள வரிசை. படித்தவள் என்று நான்தான் நின்றேன். என் முன்னாலும் பின்னாலும் ஆண்கள். ஜன்னலுக்குள் இருந்தவர் தலையைத் தூக்காமலே என்ன சீக்கு என்றார். இங்கே நான் செய்ததை இத்தனை வருடம் கழித்தும் எழுதக் கூசுகிறது. மூத்தவரின் கதையை அத்தனையும் கேட்டவள் நான். ஆனாலும் அந்த ஆண்களுக்கு நடுவில் வாயில் வந்தது அதே வார்த்தைதான். நெஞ்சில் கட்டியிருக்கிறது என்றேன். எத்தனை நாளாகச் சளி என்று கேட்டபடியே அவர் எழுதி, ஓர் அறையின் நம்பரைப் போட்டு நீட்டினார். தப்பு என்று தெரிந்தது. தெரிந்தும் வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த அறைக்கு முன்னால் போய் அக்காவும் நானும் உட்கார்ந்தோம்.

செத்த நேரம் கழித்து அக்கா சுற்றிலும் பார்த்தார். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் இருமிக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், அந்த ஆளுகிட்ட என்ன சொன்னீக?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகத்தில் பயத்தை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். "எங்க மூத்தவ ஆறு மாசம் குடிச்ச மருந்து இந்த ரூமுலதான் குடுக்குறாக" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. சீட்டை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். வரிசையை ஒதுக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போய் நின்றார்.

"நெஞ்சு இல்லய்யா. மாரு. மாருல கட்டி. அப்புடியே எழுதுங்க."

பிரியாணிக் கடை வேலையாட்களை அதட்டிப் பழகிய குரல் அது. கூடம் முழுக்கக் கேட்டது. ஜன்னலுக்குள் இருந்தவர் முதல்முறையாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார், அப்புறம் பழைய சீட்டைக் கிழித்துப் புதிதாக எழுதினார். அக்கா அதை வாங்கி என்னிடம் நீட்டி வாசிக்கச் சொன்னார். அவருக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். நான் முணுமுணுத்தேன். காது கேக்கல டீச்சர் என்றார். மார்பில் கட்டி என்று சத்தமாக வாசித்தேன். அறுபது பிள்ளைகளுக்குப் பாடம் வாசித்த வாய்க்கு அந்த இரண்டு வார்த்தை அவ்வளவு கனமாக இருந்தது.

டாக்டர் பார்த்தார். சோதனைகள் செய்தார்கள். கெட்ட கட்டிதான், ஆனால் சின்னதாக இருக்கும்போதே வந்துவிட்டீர்கள், ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார்கள். எடுத்தார்கள்.

செய்தி திண்டுக்கல்லுக்கு வந்ததும் முதலில் வாய் திறந்தது புளிமண்டி வீட்டம்மாதான். அம்புட்டுக் கீரையைத் தின்றும் வந்துவிட்டதே, அப்புறம் தின்று என்ன பிரயோஜனம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். ஆஸ்பத்திரிக்கும் ஊருக்குமாக அலைந்துகொண்டிருந்த எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆனால் நிஜத்தைச் சொன்னால் எனக்குள்ளும் அந்தக் கேள்வி இருந்தது. ஆஸ்பத்திரியில் அக்காவுக்கும் இருந்திருக்க வேண்டும். ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள் அவர் யாரோடும் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த மோர்ச்சோற்றைச் சுவரைப் பார்த்துக்கொண்டே விழுங்கினார். தொட்டுக்கொள்ள ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருந்ததுதான் எனக்கு அழுகையை வரவழைத்தது.

மூன்றாம் நாள் பாய் ஒரு தூக்குச்சட்டியோடு வந்தார். திறந்தார். முருங்கைக்கீரை. அவரே ஆக்கியது. இருநூறு பேருக்கு ஒரே தேக்சாவில் தம் போடுகிற மனுஷனுக்குக் கீரை உருவத் தெரியவில்லை. காம்பும் குச்சியும் அப்படியே கிடந்தன. அக்கா ஒரு வாய் போட்டுவிட்டுக் கடைவாயிலிருந்து ஒரு குச்சியை உருவி எடுத்து அவரைப் பார்த்தார்.

"ஆடு காம்போடதான திங்கிது" என்றார் பாய். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா சிரித்தார். சிரித்தால் தையல் வலிக்கும் என்று நர்ஸ் அதட்டியும் நிற்கவில்லை. குச்சிகளை ஒவ்வொன்றாக ஓரம் கட்டி, சட்டியைக் காலி செய்தார். அப்புறம்தான் நான் தெருவில் நடக்கிற பேச்சைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது, ஆனால் எனக்கும் பதில் வேண்டியிருந்தது.

"பூட்டுன வீட்டுலயும் திருடன் வாரான். அதுக்காகத் திண்டுக்கல்லுல யாரும் வீட்டத் தொறந்து போட்டுட்டுப் போறாகளா?" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் இழுத்துப் பாத்தேன் டீச்சர். அதான் பொழச்சேன்" என்றார். அதன்பிறகு பக்கத்துக் கட்டில்காரம்மாவின் பக்கம் திரும்பி, அவருக்கு இன்றைக்கு என்ன வெஞ்சனம் என்று விசாரிக்க ஆரம்பித்தார். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்த மறுநாள் தெருப்பெண்கள் எல்லோரும் பார்க்க வந்தார்கள். ரொட்டியும் சாத்துக்குடியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, சாவு வீட்டுக்கு வந்தவர்கள்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். யாருக்கும் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கடைசியில் ஒருத்தி தைரியம் பண்ணி, நெஞ்சு இப்ப எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"நெஞ்சு அப்புடியேதான் இருக்கு. மாருதான் ஒண்ணு போயிருச்சு."

முதலில் ஒருத்தி சிரித்தாள், இன்னொருத்தி சிரித்தாள், கூடமே சிரித்தது. அக்கா விடாமல் ஒவ்வொருத்தியிடமும் மத்தியானம் தட்டில் என்ன விழுந்தது என்று கேட்டுத்தான் அனுப்பினார். எல்லோரும் போன பிறகு பார்த்தால், தூணோரமாக ஒருத்தர் மட்டும் எழுந்திருக்கவில்லை. புளிமண்டி வீட்டம்மா. தெருவில் அவ்வளவு பேசியவர், வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டே இருந்தார்.

சண்டைக்குத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து நான் அக்கா பக்கத்தில் போய் நின்றேன். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தன நாளா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தம்மாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "நாலு மாசமா. நெஞ்சுல..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். அக்கா ஒன்றும் எடுத்துக்கொடுக்கவில்லை. காத்திருந்தார், தெருவில் வெஞ்சனம் கேட்டுவிட்டு நிற்பாரே, அதேபோல.

"மாருல" என்றார் அந்தம்மா.

அக்கா கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "டீச்சர், நாளைக்கும் லீவு போட்ருங்க" என்றார்.

போட்டேன். லெட்டரில் காரணம் எழுத வேண்டிய இடத்தில் இந்தத் தடவை நெஞ்சு என்று எழுதவில்லை.